உறவினர் இன்னும் வரவில்லை

சாவியைத் தொலைத்தவர்கள் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வருவதில்லை. பூட்டுக்காரரிடம் போவார்கள். அவர் பத்து நிமிடத்தில் பூட்டைக் கழற்றி, வேறு பூட்டு மாட்டி, புதுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால்தான், வெள்ளைச் சீருடையோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்த அந்த அம்மாள், "வீட்டுச் சாவி தொலைஞ்சு போச்சு, கண்டுபிடிச்சுக் கொடுக்கணும்" என்றதும் எனக்கு வாய் துறுதுறுத்தது.

"கடைசியா எங்க வெச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா. அங்க இல்லைங்கறதை நாங்க உறுதியா சொல்லிடுவோம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. "சரிங்க சார்" என்றார். நாற்பத்தைந்து வயது வரைக்கும் என் ஜோக்குக்கு எத்தனையோ விதமான பதில் வாங்கியிருக்கிறேன். ‘சரிங்க சார்’ அதுதான் முதல் தடவை.

"லொள்ளு, வாயை மூடிட்டு டீ ஊத்து" என்றார் மேடம்.

லொள்ளு என்பது நான். முன்பு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றுக்கொண்டிருந்தேன், வாய் அப்போதிருந்தே இப்படித்தான். மேடம் ரயில்வேயில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். துருவித் துருவிக் கேட்பதால் தெருவில் அவருக்குத் ‘துருவி’ என்றே பெயர். நேரில் அப்படிக் கூப்பிடும் தைரியம் எனக்கும் கிடையாது, தெருவுக்கும் கிடையாது.

"எப்போ தொலைஞ்சது?" என்று ஆரம்பித்தார் மேடம்.

"பத்தொன்பது நாள் ஆச்சு. எங்க வீட்டுக்காரர் இறந்த அன்னிக்கு."

எட்டு மணி மருந்து கொடுத்தாகிவிட்டது என்று சொல்வதுபோல் அதைச் சொன்னார். நான் ஃபிளாஸ்க்கைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அங்கிருந்தபடியே காதில் விழுந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு சிஸ்டர். கணவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். அன்று காலை ஆறு மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி. சிஸ்டர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, அவரைத் தன்னுடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனார். தன்னுடைய வார்டிலேயே இடம் கிடைத்தது, ஏழாம் படுக்கை. மத்தியானம் இரண்டு மணிக்கு இவருக்கு டியூட்டி. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சீருடையை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். மூன்று நாற்பதுக்குக் கணவர் போய்விட்டார்.

"அப்புறம்?"

"அஞ்சு மணிக்கு வண்டில ஏத்தினாங்க. கொழுந்தன் வந்திருந்தாரு. வீட்டுக்குப் போனா சாவி இல்ல. எல்லாம் கொழுந்தன் வீட்டுலயே முடிஞ்சுது."

"மூணு நாற்பதுக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல?"

சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "வேலை இருந்திருக்கும்" என்றார்.

நான் டீயோடு திரும்பி வந்தபோது என் மேஜை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மூன்று மாதமாக நான் கட்டிக் காத்த குப்பைமேட்டை, பேசிக்கொண்டே சிஸ்டரின் கை ஒழுங்கு பண்ணியிருந்தது. காகிதங்கள் ஒரு பக்கம், கவர்கள் ஒரு பக்கம். ‘தினமும் வாங்கம்மா’ என்று சொல்ல வாயெடுத்தேன், மேடம் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

"இன்னொரு சாவி இருக்குமே?"

"இருக்கு. வீட்டுக்குள்ள, கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்குது."

"பத்திரமான இடம்" என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார்.

"பூட்டை உடைச்சிருக்கலாமே?" என்றார் மேடம்.

"ரெண்டாம் நாளே கொழுந்தன் பூட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தாரு. நான் கதவை மறிச்சு நின்னு வேண்டாம்னுட்டேன். ஏன்னு கேட்டா தெரியல. எங்க வீட்டுக்காரர் மாட்டின பூட்டு. முன்னாடி மூணு தடவை நான் சாவியைத் தொலைச்சேன்னு அவர் புதுசா வாங்கி மாட்டினது. அதுலருந்து சாவி அவர்கிட்டதான் இருக்கும். டியூட்டில இருக்கறப்ப நாங்க மோதிரம், வாட்ச், சாவி எதுவும் வெச்சுக்கக் கூடாது."

"அன்னிக்குக் கதவைப் பூட்டினது யாரு?"

"நான்தான். பூட்டி, பழக்கத்துல அவர் சட்டைப் பையில போட்டேன். அப்புறம் அதைப் பார்க்கல."

இத்தனை நாளாக வார்டை ஒட்டிய ஓய்வறையில் தூங்குகிறாராம். ஆறாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டாராம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று வார்டில் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

"இத்தனை நாள் பொறுத்தவங்க, இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"நாலு மணிக்கு விசாரணை மேடம். கொழுந்தன் புகார் எழுதிக் கொடுத்துட்டாரு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல கடைசியா இருந்தது எங்க வார்டு ஆயாம்மா. அவங்கதான் சாவியை எடுத்திருக்கணும்னு சொல்லி ஒன்பது நாளா சஸ்பெண்ட் பண்ணி வெச்சிருக்காங்க. இன்னிக்குச் சாவி வரலைன்னா அவங்க வேலை போயிடும்."

"எடுத்திருப்பாங்களா?"

"மேட்ரனும் இதைத்தான் கேட்டாங்க. நான் எதுவும் சொல்லல. சொல்லாததை ஆமான்னு எடுத்துக்கிட்டாங்க." சிஸ்டர் டீக்கோப்பையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. "பதினாறு வருஷம் என்கூட வேலை பார்த்தவங்க. அவங்களை நெனச்சா எனக்குப் பாவமா இருக்கணும். இல்ல. எதுவுமே தோணல. ஆனா தோணணும்னு தெரியுது மேடம். அதான் வந்தேன்."

"கடைசியா ஒண்ணு" என்றார் மேடம். "அவர் கண்ணாடி போடுவாரா?"

"படிக்கறதுக்குப் போடுவாரு. சட்டைப் பையிலயேதான் இருக்கும்."

"இப்ப அது எங்க?"

"தெரியல."

"சட்டை?"

"நீலக் கட்டம் போட்டது." சிஸ்டர் முதல் தடவையாக நிமிர்ந்து மேடத்தின் முகத்தைப் பார்த்தார். "அதை யாரும் கேக்கலயே."

அவர் டியூட்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். மேடம் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டு, "ஸ்கூட்டரை எடு. முதல்ல அந்த ஆயாம்மாவைப் பார்க்கணும்" என்றார்.

ஸ்கூட்டர் வாசலில் நின்றது. சாவியைத்தான் காணோம்.

பேன்ட் பையில் இல்லை. மேஜை மேல் இல்லை. இழுப்பறை, நாற்காலிக்கு அடியில், காலண்டர் ஆணி, ஃபிளாஸ்க்குக்குப் பின்னால், எங்கும் இல்லை. மேஜை மேல் இருந்த காகிதங்களைப் பிரித்துப் பார்த்தேன், கவர்களை நகர்த்தினேன். பாத்ரூமுக்குள்கூட ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போதாக்குறைக்கு என் கண்ணாடியும் காணாமல் போயிருந்தது, அதனால் தடவித் தடவித்தான் தேட வேண்டியிருந்தது. மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். நடுநடுவே தன் குட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"என்ன மேடம் எழுதறீங்க?"

"நீ தேடுற இடத்தை."

"தேடிக் கொடுத்தா புண்ணியமாப் போகும்."

"பஸ்ல போலாம் வா."

வழி நெடுகப் புலம்பினேன். "சாவி தொலைஞ்ச கேஸை எடுத்தா தொத்திக்கும்னு சொல்லியிருந்தீங்கன்னா தடுப்பூசி போட்டிருப்பேன்." மேடம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் நடுவில் நசுங்கியபடி நின்றேன். என்னை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

ஆயாம்மாவின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பின்பக்கம். ஒரே அறை. ஐம்பதைத் தாண்டியவர். தரையில் உட்கார்ந்து தன் சீருடைக்கு அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். வேலை போகப் போகிறவர் சீருடைக்குப் பொத்தான் தைப்பதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"சாவியை நான் எடுக்கல" என்றார், நாங்கள் உட்காருவதற்கு முன்பாகவே. "அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

"அதுக்கு மேல கேக்கறதுதான் எங்க பொழப்பு" என்றேன்.

"அப்ப வேற யாரையாவது கேட்டுப் பொழச்சுக்கங்க."

எனக்குச் சமமான வாய். மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மேடம் தரையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "சாவியை விடுங்க. அவர் போனதுக்கு அப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் யார் செஞ்சது? உடம்பு துடைக்கறது, துணி மாத்தறது?"

ஊசி நின்றது. "வார்டுல இருக்கறவங்கதான்."

"வார்டுல யாரு?"

"யாரு செஞ்சா என்னம்மா? ஒரு குறையும் இல்லாம நடந்துச்சு." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு எங்களைப் பார்க்காமல் கேட்டார். "சிஸ்டர் சாப்பிடறாங்களா?"

"டீ கொடுத்தோம். குடிக்கல."

"சூடா இருந்தா குடிக்க மாட்டாங்க. ஆற வெச்சுக் கையில கொடுக்கணும்."

படி இறங்கும்போது நான் சொன்னேன். "மேடம், திருடினதா பேர் வாங்கினவங்க, பொருளுக்குச் சொந்தக்காரி சாப்பிட்டாளான்னு கேட்டு நான் பார்த்ததில்ல."

"கண்ணாடியைத் திருடுற திருடனையும் நான் பார்த்ததில்ல" என்றார் மேடம். "சாவியை எடுக்கறவன் வீட்டைத் திறக்க எடுப்பான். பத்தொன்பது நாளா அந்த வீட்டுக் கதவை யாரும் தொடல. பழைய சட்டையும் படிக்கிற கண்ணாடியும் சேர்ந்து போயிருக்கு. இது திருட்டு மாதிரி இல்ல லொள்ளு. யாரோ மூட்டை கட்டின மாதிரி இருக்கு."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. மேடம் வார்டுக்குப் போகவில்லை. வாசல் காவலாளியிடம், "இங்க இறந்து போனவங்களோட சாமானை எங்க வைப்பாங்க?" என்று கேட்டார். கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் என்றார் அவர். நர்சுகள் அந்த அறைக்காரருக்கு வைத்திருக்கும் பெயர் ‘பூதம்’ என்பதையும் கேட்காமலே சொன்னார்.

கீழ்த்தளத்துப் படிக்கட்டில் மேடம் நின்றார். கைப்பையைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். எங்கள் அலுவலகக் கவர்தான். வாய் ஒட்டியிருந்தது. மேலே முத்து முத்தாக எழுதியிருந்ததைக் கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தூர வைத்துப் படித்தேன்.

மேஜை 2. காலை 10.20.
மூக்குக்கண்ணாடி - 1
பேனா - 2 (ஒன்றுக்கு மூடி இல்லை)
சாவி - 1
ஒப்படைப்பவர்:
பெறுபவர்:

ஒப்படைப்பவர் என்ற இடத்தில் சிஸ்டரின் கையெழுத்து. பெறுபவர் என்ற இடம் காலி.

"என்னைச் செத்தவன் லிஸ்ட்டுல சேர்த்துட்டாங்களா?" என்றேன்.

"நீ டீ ஊத்தப் போனப்ப நடந்தது. பேசிக்கிட்டே எடுத்துப் போட்டு, ஒட்டி, எழுதி, உன் மேஜை ஓரத்துல வெச்சாங்க. என் கண்ணைப் பார்த்துத்தான் பேசினாங்க, கை என்ன செய்யுதுன்னு அவங்களுக்கே தெரியாது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. பஸ்ல நாலு பேர் என் காலை மிதிச்சாங்க."

"நீ பதினாலு இடத்துல தேடின. இந்தக் கவரை ரெண்டு தடவை கையால எடுத்து நகர்த்தி வெச்ச. ஏன் பிரிக்கல?"

யோசித்தேன். "ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. ஆபீஸ் விஷயம்னு நெனச்சேன்."

"அவ்வளவுதான். ஒட்டி, மேல லிஸ்ட் எழுதி வெச்ச பொருள் யாருக்கும் தொலைஞ்ச பொருளாத் தெரியாது. ரயில்வேல தினமும் பார்த்திருக்கேன்." மேடம் மேற்கொண்டு படி இறங்கினார். "அந்த ஒரு மணி இருபது நிமிஷம் அவங்க என்ன செஞ்சாங்கன்னு அவங்களுக்கு ஞாபகம் இல்ல. ஆனா அவங்க கை இருபது வருஷமா என்ன செய்யுமோ அதைத்தான் செஞ்சிருக்கும்."

பூதம் என்றதும் மீசையோடு ஒருவரை எதிர்பார்த்தேன். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஒல்லியாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் தட்டுத் தட்டாகத் துணிப்பைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை.

"ஆண்கள் வார்டு, ஏழாம் படுக்கை. பத்தொன்பது நாளுக்கு முன்னாடி" என்றார் மேடம்.

"அப்பாடா" என்றார் பூதம். "வந்துட்டீங்களா? உங்களுக்காக எத்தனை தடவை போன் பண்றது?"

"யாருக்குப் பண்ணீங்க?"

"வார்டுக்குத்தான். மூணு தடவை. மூணு தடவையும் சிஸ்டர்தான் எடுத்தாங்க. ‘ஏழாம் படுக்கைக்கு உறவினர் இன்னும் வரல, வந்தா அனுப்பறேன்’னாங்க. ரொம்ப மரியாதையா பேசுவாங்க."

"ஏழாம் படுக்கை யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு நம்பர்தாங்க வரும். பேரெல்லாம் மேலயே நின்னுடும்." பெரிய பதிவேடு ஒன்றைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார்.

அதே கையெழுத்து. அன்றைய தேதி, மாலை 4.25. சட்டை - 1 (நீலக் கட்டம்). மூக்குக்கண்ணாடி - 1. செருப்பு - 1 ஜோடி. சாவிக்கொத்து - 1 (சாவி 3). ஒப்படைப்பவர், சிஸ்டர். பெறுபவர் என்ற கட்டமும் உறவு என்ற கட்டமும் காலி.

"அவ்வளவுதான் மேடம், முடிஞ்சுது" என்றேன். கேஸ் முடிந்தால் வழக்கமாக எனக்குப் பசிக்கும். அன்று பசிக்கவில்லை.

மேடம் நகரவில்லை. அவருடைய விரல் வரியின் கடைசிக் கட்டத்தில் நின்றது. சாட்சி என்ற கட்டம். அங்கே குழந்தை எழுதியதுபோல் கோணல்மாணலாக இன்னொரு கையெழுத்து.

"இது யாரு?"

"வார்டு ஆயா. பையைக் கீழ கொண்டு வந்து கொடுத்தது அவங்கதான். பை கட்டும்போது கூட ஒருத்தர் இருந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும், அது சட்டம்" என்றார் பூதம்.

மேடத்தின் முகத்தில் நான் அதிகம் பார்க்காத ஒன்று தெரிந்தது. எதிர்பாராதது நடந்தால் அவர் உதட்டைக் கடிப்பார். "இதை நான் நெனக்கல லொள்ளு" என்றார். "சாவி எங்க இருக்குன்னு ஆயாம்மாவுக்கு முதல் நாள்லருந்தே தெரியும்."

மூன்றே கால் மணிக்கு மேட்ரன் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆயாம்மா உட்கார்ந்திருந்தார். பொத்தான் தைத்த சீருடையை மடித்து மடியில் வைத்திருந்தார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, "பதிவேட்டைப் பார்த்துட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

"நான்தான் தண்ணி புடிச்சுக் கொடுத்தேன்" என்றார் ஆயாம்மா. "சின்னச் சிஸ்டருங்க ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு நின்னாங்க. இவங்க, ‘நீங்க போங்க, மத்த படுக்கையப் பாருங்க’ன்னு சொல்லித் திரையை இழுத்து விட்டாங்க. துடைச்சாங்க, தலை சீவினாங்க, சட்டையை மடிச்சு வெச்சாங்க. லிஸ்ட் எழுதினாங்க. எழுதி முடிச்சுட்டு என்கிட்ட கேட்டாங்க, ‘இவருக்குச் சொந்தக்காரங்க யாராவது வந்திருக்காங்களா ஆயாம்மா’ன்னு."

நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"அவங்ககிட்ட சொல்லலையா?" என்றார் மேடம்.

"வேலைக்குத் திரும்பி வந்ததும் போய்ச் சொன்னேன். ‘சிஸ்டர், கீழ ஒரு பை இருக்கு’ன்னேன். ‘யாரோடது’ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல என்னால சொல்ல முடியலம்மா."

"மேட்ரன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. உங்க வேலை போகுது."

"சொன்னா, சொந்தப் புருஷனுக்குத் தன் கையால செஞ்சதே ஞாபகம் இல்ல, புத்தி பேதலிச்சுடுச்சுன்னு சிஸ்டரை வார்டை விட்டே எடுத்துடுவாங்க. அந்த வார்டை விட்டா அவங்களுக்கு இப்ப என்ன இருக்கு? ஓய்வறையில தூங்கி எழுந்து, சீருடை மாட்டிக்கிட்டு வர்றதாலதான் ஆளு நிக்குது." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என்னைத் திருடின்னா, நான் இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்துடுவேன். அவங்களைப் பைத்தியம்னா, அவங்க ‘சரிங்க’ன்னு சொல்லிடுவாங்க."

காலையில் என் ஜோக்குக்குக் கிடைத்த ‘சரிங்க சார்’ நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

மேடம் எழுந்து வார்டுக்குள் போனார். நானும் ஆயாம்மாவும் பின்னால் போனோம். சிஸ்டர் ஒரு நோயாளியின் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏழாம் படுக்கையில் இப்போது வேறு யாரோ படுத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், கீழ ஏழாம் படுக்கை சாமான் இன்னும் இருக்காம்" என்றார் மேடம்.

"உறவினர் இன்னும் வரல மேடம்" என்றார் சிஸ்டர். குரலில் எதுவும் இல்லை.

"வந்தாச்சு" என்றார் மேடம். "வாங்க, காட்டறேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் மறுக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. நான்கு பேரும் கீழே இறங்கினோம். பூதம் பையை எடுத்துப் பலகைமேல் வைத்துப் பதிவேட்டைத் திருப்பினார். சிஸ்டர் பட்டியலைப் படித்தார். மேலிருந்து கீழ்வரை, ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

"இது நான் எழுதினது" என்றார்.

"ஆமா சிஸ்டர்" என்றார் ஆயாம்மா.

"செருப்பை அடியில வெச்சுக் கட்டியிருக்கணும்."

"அடியிலதான் வெச்சீங்க."

சிஸ்டர் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். எடுத்த வேகத்தில் ஒப்படைப்பவர் கட்டத்துக்குப் போய், ஏற்கெனவே அங்கே இருந்த தன் கையெழுத்தின் மேல் பேனாவை வைத்தார்.

"அது இல்லம்மா" என்றார் பூதம். விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துக் கட்டம்."

பேனா பக்கத்துக் கட்டத்துக்கு வந்தது. பெறுபவர் என்ற இடத்தில் கையெழுத்து விழுந்தது. உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சலவை அறையில் இயந்திரம் ஓடி நின்றது. ஆயாம்மா அவர் முதுகில் கை வைத்தார்.

சிஸ்டர் எழுதினார். மனைவி. எழுதியதை விரலால் தொட்டுப் பார்த்தார். முத்து முத்தான அந்தக் கையெழுத்தில் அந்த ஒரு சொல் மட்டும் கோணலாக இருந்தது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தமாக, மூச்சு திணறத் திணற. பத்தொன்பது நாளும் சேர்ந்து வந்தது. பூதம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

நாலு மணி விசாரணை நாலரைக்குத் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கொழுந்தன் புகார்க் காகிதத்தோடு எழுந்தபோது சிஸ்டர் அவரை உட்காரச் சொன்னார்.

"சாவி தொலையல. நான்தான் பையில போட்டுக் கட்டினேன். எழுதியும் வெச்சேன். அப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல. ஆயாம்மா எதையும் எடுக்கல" என்றார். மூக்கு சிவந்திருந்தது, குரல் திடமாக இருந்தது. "அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும். என்னை வார்டை விட்டு எடுக்கறதா இருந்தா எடுத்துக்கங்க."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பதினஞ்சு நாள் லீவு எழுதிக் கொடுங்க" என்றார். "பதினாறாம் நாள் டியூட்டிக்கு வாங்க. உங்க வார்டுக்கே. ஆயாம்மா, நீங்க நாளைக்கே வந்துடுங்க." கொழுந்தன் தன் கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கடைசியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிஸ்டரின் வீட்டுக்கு நான்கு பேரும் டாக்ஸியில் போனோம். தெருவில் இன்னும் வெயில் இருந்தது. சிறிய வீடு, பச்சைக் கதவு. வாசலில் விளம்பரக் காகிதங்கள் சேர்ந்து கிடந்தன. சிஸ்டர் கொத்திலிருந்து பெரிய சாவியைப் பிரித்து, பூட்டில் நுழைத்து, அப்படியே நின்றார்.

"பூட்டு துரு பிடிச்சிருக்கும், எண்ணெய் வேணும்னா..." என்று ஆரம்பித்தேன். மேடம் என் காலை மிதித்தார். அன்றைக்கு ஐந்தாவது மிதி.

சாவி திரும்பியது. சிஸ்டர் உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவும் சத்தம் கேட்டது. மறுபடி வாசலுக்கு வந்தார். கையில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அந்த இன்னொரு சாவி.

"ஆயாம்மா" என்றார். "இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"எனக்கு எதுக்கு சிஸ்டர்?"

"உள்ளயே மாட்டி வெச்சா என்ன பிரயோஜனம்? நான் எப்படியும் தொலைப்பேன்."

ஆயாம்மா வாங்கிக்கொண்டார். முந்தானை நுனியில் வைத்து முடிந்து, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "டீ போடறேன், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் கோப்பையோடு வந்து, அதை ஜன்னல் விளிம்பில் ஆற வைத்தார்.